அக்காவின் நோட்டில் இல்லாத கணக்கு

தொழிலாளிகளுக்கு விவரம் போதாது, டிவியும் சினிமாவும் அவர்களை மழுங்கடித்துவிட்டன என்று கூட்டங்களில் யாராவது மார்க்ஸ் பெயரைச் சொல்லிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். மார்க்ஸ் சொன்னது அதுவல்ல. 'போலி உணர்வு' (தன் நிலைமையைத் தானே தப்பாகப் புரிந்துகொள்வது) என்று எல்லோரும் எடுத்துவிடுவது 1893இல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ், மேரிங் என்ற ஜெர்மன் சோசலிஸ்ட் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அங்கே அவர் பேசுவது சிந்தனையாளர்களைப் பற்றி.

மார்க்ஸின் 'மூலதனம்' நூலின் முதல் பாகத்தில் கூலி பற்றிய அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். பண்ணையடிமை சில நாள் தன் துண்டு நிலத்தில் பாடுபடுவான், சில நாள் பிரபுவின் நிலத்தில். எது தனக்கு, எது அடுத்தவனுக்கு என்று கண்ணுக்கே தெரியும். விலைக்கு வாங்கப்பட்ட அடிமைக்கோ, தன் சாப்பாட்டுக்காக உழைக்கும் நேரம்கூட எஜமானுக்கு உழைப்பதாகவே தோன்றும். கூலித் தொழிலாளிக்கு நேர் எதிர்: முழு ஷிப்டுக்கும் காசு வந்துவிட்ட மாதிரி இருக்கும். கூலிக்கு ஈடான மதிப்பை உண்டாக்கிய பிறகும் வேலை ஓடுகிறதே, அந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது. யாரும் வந்து பொய் சொல்ல வேண்டியதே இல்லை. சம்பளம் தரும் விதமே அப்படிக் காட்டுகிறது.

என் அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். பீஸ் ரேட்: தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. மிஷின் பக்கத்திலேயே ஒரு குட்டி நோட்டு. ஒரு கட்டு முடிந்ததும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வாள். டீக்கு எழுந்தால்கூட "இருபது பீஸ் போச்சு" என்பாள். சனிக்கிழமை சம்பளத்தன்று கான்ட்ராக்டர் கணக்கில் ஒரு பீஸ் குறைந்தாலும் விடமாட்டாள். அவ்வளவு கறாரான நோட்டில், அந்த பீஸ் என்ன விலைக்குப் போகிறது என்பதற்கு இடமில்லை. கட்டிங்கிலிருந்து துணி வராமல் சும்மா உட்கார்ந்திருக்கும் மத்தியானத்துக்குக் காசும் இல்லை. "இன்னைக்கு நேரம் சரியில்ல" என்பாள். "யாரும் என்னை விரட்டுறதில்ல, நானாத்தான் தைக்கிறேன்" என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு.

அந்தப் பெருமையையும் மார்க்ஸ் கவனித்திருக்கிறார். பீஸ் ரேட்டில் தொழிலாளி தானாகவே வேகத்தைக் கூட்டுவார், நேரத்தை நீட்டுவார், சுதந்திரமாக உணர்வார், பக்கத்து ஆளோடு போட்டியும் போடுவார் என்கிறார். அக்காவின் உணர்வு பொய்யல்ல. அவள் வாழ்கிற வாழ்க்கையிலிருந்தே அது வருகிறது.

இதே ஊரில்தான் 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அரிசி விலை ஏறினால் எல்லோருக்கும் கூலி ஏறவேண்டும் என்ற கோரிக்கை, தனித்தனி நோட்டுகளில் எழுத முடியாதது.

இப்போதும் புது ஸ்டைல் வரும்போது, ரேட் பேசி முடிக்காமல் யாரும் தைக்க உட்காருவதில்லை. சாம்பிள் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை தையல், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சேர்ந்து கணக்குப் போடுவார்கள். அப்படி ஒருமுறை பேசும்போது அக்காதான் கேட்டாளாம்: "கம்பெனிக்கு இதுல என்ன ரேட் வருது?" கான்ட்ராக்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பீஸுக்குப் பத்துக் காசு கூட்டிக் கொடுத்தார்.