மேல் அம்புக்குறி

வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள், லினக்ஸில் கட்டளைகளை அடிக்கும் பேஷ் ஷெல்லில் பழைய கட்டளை வேண்டுமென்றால் மேல் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே இருப்பேன். முப்பது தடவை தட்டுவதெல்லாம் சாதாரணம். பழைய கட்டளைகளைத் தேட உதவும் கண்ட்ரோல்-ஆர் தெரியும், ஆனாலும் முதலில் நாலு எழுத்தை அடித்துவிட்டு அப்புறம் தேடுவதுதான் என் கைப்பழக்கம்.

ஒருநாள் டீமில் இருந்த சீனியர் அக்கா, "ஏம்பா இவ்வளவு கஷ்டப்படுற?" என்று கேட்டு, என் ஹோம் டைரக்டரியில் ".இன்புட்ஆர்சி" என்ற, எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கும் ஃபைலைத் திறந்து இரண்டே வரி எழுதினார். மேல் அம்புக்கு ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட், கீழ் அம்புக்கு ஹிஸ்டரி-சர்ச்-ஃபார்வர்ட். "கிட்" என்று அடித்து மேலே தட்டினால் அதில் தொடங்கும் கட்டளைகள் மட்டும் வந்தன. அந்த ஃபைலைப் படிப்பது பேஷுக்குள் இருந்து, நாம் அடிக்கும் வரியைக் கையாளும் ரீட்லைன் லைப்ரரி. அதனால் அதையே பயன்படுத்தும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குக் கட்டளை அடிக்கும் பிஎஸ்க்யூஎல்லிலும் அதே வசதி கிடைத்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆறு மாதம் கழித்து, ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் பொது அக்கவுண்டில் நுழைந்தேன். ஒரு சர்வீஸ் ஓடுகிறதா என்று காட்டும் "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்" என்று அடித்தேன், மேல் அம்பு, என்டர். விரல்கள் அவ்வளவு வேகம். அங்கே என் ஃபைல் இல்லை. மாற்றாத பேஷில் மேல் அம்பு, நாம் அடித்ததைக் கண்டுகொள்ளாமல் கடைசிக் கட்டளையைக் கொண்டுவந்து வைக்கும். எனக்கு முன்னால் யாரோ டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்திருந்தார்கள். நானும் செய்துவிட்டேன், வேலை நேரத்தில். நடந்ததை உடனே மேனேஜரிடம் சொன்னேன். மாலைவரை கை நடுங்கியது.

அன்றிரவே மேல் அம்பைப் பழையபடி விட்டுவிட்டு, அந்தத் தேடலைப் பேஜ்-அப் விசைக்கு மாற்றினேன். உபுண்டுவின் பொது இன்புட்ஆர்சியிலேயே அந்த வரிகள் செயல்படாத கமெண்டாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன, ஹேஷ் குறியை எடுத்தால் போதும். வேறு சர்வரில் பேஜ்-அப் தட்டினால் பெரும்பாலும் சம்பந்தமில்லாத கட்டளை வந்து நிற்காது. இப்போது எந்த விசையை மாற்றுவதற்கு முன்பும் விசைகளின் வேலைகளைப் பட்டியலிடும் "பைண்ட் -பி" அடித்து, அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் அதைத் தொடுவதில்லை.

என்டரை மட்டும் மெதுவாகத் தட்டப் பழக ஒரு வருடம் ஆனது.