பொன்னாத்தா கட்சி

மார்ச் 8, சனி

சின்னம்மா இங்கே மலேசியாவில் கிள்ளானிலிருந்து எங்கள் ஊர் சுங்கை சிப்புட் வந்து இறங்கிவிட்டார். அம்மா "வா" என்றதோடு சரி. ஒருவர் கீரை ஆய, ஒருவர் வெங்காயம் உரிக்க, நடுவில் நான்தான் தூது. "அம்மா, சின்னம்மா கத்தி கேக்குறாங்க." கத்தி அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் சின்னம்மா வேறு சாதிப் பையனோடு போய்விட்டார். தாத்தா மண்டோர். ஆளைப் பெயர் சொல்லி வேலைக்கு அனுப்புகிறவர், மறுநாள் காலைப் பிரட்டில், வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்திலேயே, தலை குனிந்து நின்றாராம். சித்தப்பா போன வருடம் காலமானார். அதற்குப் பிறகுதான் சின்னம்மாவுக்கு இங்கே வரும் தைரியம் வந்திருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சினிமா. என் பையன் கைப்பேசியை டிவியில் இணைத்துக் கொடுத்தான். 'முதல் மரியாதை'. 1985-இல் வந்த பாரதிராஜா படம், கதை ஆர். செல்வராஜ். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் எம்.ஜி.ஆர். லயம், சிவாஜி லயம் என்று அடிதடியே நடக்குமாம். அம்மா சிவாஜி பக்கம், சின்னம்மா எம்.ஜி.ஆர். பக்கம். ஆனால் இந்தப் படத்துக்கு முன்னால் கட்சி பேச முடியாது. சிவாஜி இதில் கத்துவதே இல்லை. முதுகைக் காட்டி நிற்கும்போதும் நடிக்கிறார். ராதாவுக்குக் குரல் கொடுத்தது ராதிகா என்று சொன்னேன், பையன் நம்பவில்லை.

மரணப் படுக்கையில் மலைச்சாமி (சிவாஜி) யாருக்காகவோ உயிரைப் பிடித்துக்கொண்டு கிடப்பதில்தான் கதை தொடங்குகிறது. பிறகு செருப்புக் காட்சி. ஆசையாகத் தைத்துக் கொண்டுவந்த செருப்பை அவர் போட மறுக்கிறார். மாமன் இந்தக் காலைத் தொட்டுக் கெஞ்சியிருக்கிறார், என் மகள் பொன்னாத்தாவைக் கட்டிக்கோ என்று. அவள் வயிற்றில் அப்போதே இன்னொருவன் பிள்ளை. மானத்தைக் காப்பாற்றக் கட்டிக்கொண்டார், தொடவில்லை. படகோட்டும் குயிலிடம் (ராதா) பேச்சுத் துணை கிடைக்கிறது. ஊர் வாய் சும்மா இருக்குமா? கடைசியில் பொன்னாத்தாவைக் கெடுத்த மயில்வாகனத்தைக் குயில் கொன்றுவிட்டு, காரணத்தைச் சொல்லாமலே சிறைக்குப் போகிறாள்.

நான் எப்போதும் மலைச்சாமிக்காக அழுகிறவள். பொன்னாத்தாவாக வரும் வடிவுக்கரசி திட்டத் தொடங்கினாலே, சனியன், வாயை மூட மாட்டாளா என்றிருக்கும். இன்றைக்கும் அப்படித்தான் ஏதோ முணுமுணுத்தேன்.

"அவளக் கேட்டாங்களா?" என்றார் அம்மா. யாரும் வாய் திறக்கவில்லை. "அப்பன் கால்ல விழுந்தான், இவன் தாலி கட்டுனான், ரெண்டு பேரும் பெரிய மனுசன். அவளுக்கு மிஞ்சுனது அந்த வாய் ஒண்ணுதான். திட்டட்டும்."

சின்னம்மா சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

வேலை. திரும்பும் வழியில் ரமலான் சந்தையில் முர்தபாவும் கரும்புச் சாறும். படப் பேச்சு இல்லை. கத்திக்கு மட்டும் இன்று தூது போகவில்லை.

மார்ச் 12, புதன்

படம் பொன்னாத்தாவுக்கு என்ன கொடுத்தது என்று யோசித்தேன். குயிலுக்குக் காத்திருப்பு கிடைத்தது, மலைச்சாமிக்குக் குயிலின் துணை கிடைத்தது. பாட்டு எழுதிய வைரமுத்துவுக்கு முதல் தேசிய விருதே கிடைத்தது. பொன்னாத்தா தன் கதையைத் தானே சொல்ல ஒரு காட்சி வைத்திருக்கலாம். இளையராஜாவைக் கேட்கும்போது இந்தக் குறை மறந்துபோகிறது, அதுதான் சிக்கல்.

அம்மாவிடம் கேட்டேன், லயத்தில் இப்படி ஒரு ரகசியம் நிற்குமா என்று. "பலகைச் சுவரு. பக்கத்து வீட்டுல இருமுனா நம்ம வீட்டுல தண்ணி எடுத்து வைப்போம். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். பேச மாட்டோம், அவ்வளவுதான்." அந்த லயங்கள் இப்போது இல்லை. பால் மரம் இருந்த இடமெல்லாம் எண்ணெய்க்கான செம்பனை.

மார்ச் 15, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். கஞ்சி விழும் சத்தத்தோடு, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "நீ போறதுக்கு முந்துன ராத்திரி விறகுக்கட்டுக்குப் பின்னால உன் துணி மூட்டையப் பாத்தேன். அப்பாகிட்ட சொல்லல."

அதற்காகத்தான் இத்தனை வருடக் கோபமாம். தனக்கு முன்பே தெரியும் என்பது வெளியே வந்துவிடக் கூடாதே என்று, மற்றவர்களைவிடச் சத்தமாகத் தங்கையைத் திட்டியிருக்கிறார். தாத்தா இறந்த பிறகும் நிறுத்தத் தெரியவில்லை.

சின்னம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்க்கா. நான் கோணிப்பை போட்டு மூடல. விடியக்காலைல போயி எடுக்குறப்ப ஒண்ணு கெடந்துச்சு. அப்பாவோட சாக்கு. அத எடுத்துப் போட நம்ம வீட்டுல வேற யாருக்குத் துணிச்சல்?"

"அப்புறம் ஏண்டி இத்தன வருசம் வரல?"

"நீ கூப்புடல."

அம்மாவுக்கு வந்ததே கோபம்! அழைக்காமல் வரக்கூடாதா, நீ என்ன துரை பொண்டாட்டியா என்று பிடித்துக்கொண்டார். சின்னம்மாவும் விடவில்லை. அரை மணி நேரம். பையன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். எனக்கோ, அப்பாடா, நேராகவே சண்டை போடுகிறார்கள் என்றிருந்தது.

சாயங்காலம் சின்னம்மா கிள்ளான் பஸ் டிக்கெட்டை நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மாற்றித் தரச் சொன்னார். பார்த்தேன், மாற்ற முடியாதாம், புதிதாகத்தான் வாங்க வேண்டும். பெருநாள் நெரிசலில் எதுவும் காலியில்லை. ஏப்ரல் இரண்டாவது வாரத்துக்குத்தான் கிடைத்தது. அம்மா காசு கொடுத்தார்.