நாற்காலிக்கு நடுவே

காலையில் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை வரைய உட்கார்ந்தேன். 2பி பென்சில், பழைய நோட்டு.

வகுப்பில் சொன்னது இதுதான்: நாற்காலியை விடுங்க, நடுவே தெரியும் வெற்றிடங்களை மட்டும் வரையுங்க.

கைப்பிடிக்குக் கீழே ஒரு கோணல் முக்கோணம், ஒரு முனை மட்டும் மழுங்கியது. கால்களுக்கு இடையே, மேலே குறுகிக் கீழே அகன்ற ஒரு கட்டம். அதற்குள் துளசிமாடத்தின் ஓரம்.

இடைவெளிகளை வரைந்து முடித்ததும் நாற்காலி தானாக வந்து நின்றது. பின்னங்கால்கள் குட்டையாக!

நான்கு காலும் ஒரே நீளம் என்று மூளை அடம்பிடிக்கும். அந்தக் கோணல் முக்கோணத்துக்கோ பெயரே கிடையாது. மூளை குறுக்கே பேச வழியில்லை. கண் சொன்னதைக் கை கேட்கிறது.

தெரிந்ததை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்ப்பது இவ்வளவு சிரமமா?

சாயங்காலம் சைக்கிள். ஸ்போக்ஸை நினைத்தால்தான் கொஞ்சம் பயம்.