ப்ரிங் அப்

ஜூன் 2
நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போக எழுதும் ஆங்கிலப் பரீட்சையான ஓஇடிக்குப் படிப்பு. லிஸனிங், பார்ட் ஏ. இருமும்போது ஏதாவது 'ப்ரிங் அப்' ஆகிறதா என்று நர்ஸ் கேட்கிறாள். சளி வருகிறதா என்பதுதான் கேள்வி. பேச்சு ஆஸ்துமா பக்கம் திரும்புகிறது. நோயாளியாக வரும் அம்மா, பாட்டிதான் தன்னை 'ப்ரிங் அப்' செய்தார் என்கிறாள், அதாவது வளர்த்தார். கடைசியில், இதை டாக்டரிடம் 'ப்ரிங் அப்' செய்யக் கூச்சமாக இருந்தது என்கிறாள். ஐந்து நிமிடத்துக்குள் ஒரே சொல்லுக்கு மூன்று முகம். பரீட்சையில் ஆடியோ ஒரு தடவைதான் ஓடும்.

ஜூன் 3
பாப்பாவுக்குக் காய்ச்சல்.

ஜூன் 5
ராத்திரி முழுக்க வாந்தி. அத்தை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டில் பாதியை டம்ளரில் கொட்டப் போனார்கள். வேண்டாம் அத்தை, பெரிய பாக்கெட், முழுசையும் ஒரு லிட்டரில் கரைத்தால்தான் உப்பும் சர்க்கரையும் சரியாக இருக்கும் என்றேன். குடித்ததும் வெளியே வந்தது. பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. விடியும்போது மூத்திரம் போனாள். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

எத்தனை தடவை எடுத்தா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். எடுத்தா.

ஜூன் 8
அந்த 'எடுத்தா' மண்டையை விட்டுப் போகவில்லை. வாந்தி எடுக்கிறோம். பேச்சை எடுக்கிறோம். பிள்ளையை எடுத்து வளர்க்கிறோம். 'ப்ரிங் அப்' போகிற வீடுகளுக்கெல்லாம் நம் 'எடு'வும் போய் வந்திருக்கிறது. பசி எடுக்கிறது, லீவு எடுக்கிறோம், முடிவு எடுக்கிறோம், பாம்பு படம் எடுக்கிறது. இதையெல்லாம் யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. வாந்தியோ பேச்சோ பசியோ முன்னால் வந்து நின்றுவிடுகிறது, 'எடு' அதன் பின்னால் நடந்து வருகிறது. ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் ஒட்டுகிற அப், ஆஃப், அவுட் என்ற துணுக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பிடி கிடைக்காது. எது மேலே வருகிறது என்று பார்க்க வேண்டும். சளியா, சாப்பாடா, பேச்சா? பால் குடித்த குழந்தையைத் தட்டி ஏப்பம் விட வைப்பதும் 'ப்ரிங் அப்'தான், அங்கே வருவது காற்று. கம்ப்யூட்டரில் ரிப்போர்ட்டைத் திறந்து காட்டுவதும் அதுவே.

நோட்டில் அர்த்த வரிசையைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். கூட வரும் பொருளை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

சாமுவேல் ஜான்சன் 1755-இல் வந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, இந்த மாதிரி வினைகள்தான் வெளிநாட்டவருக்கு ரொம்பக் கஷ்டம் என்று எழுதியிருக்கிறார். படித்தபோது யாரோ கையைப் பிடித்த மாதிரி இருந்தது.

ஜூன் 9
வீட்டில் இன்னும் பேச்சை எடுக்கவில்லை.

ஜூன் 11
இங்கிலாந்தில் லெஸ்டரில் இருந்து அக்கா கூப்பிட்டாள். அங்கே நர்ஸாகச் சேர்ந்த புதிதில் ஒரு தாத்தா, என் டீ முழுக்க 'ப்ரிங் அப்' ஆகிவிட்டது என்றாராம். இவள் ஒரு கப் டீ என்று சார்ட்டில் குறிக்கப் போக, கூட இருந்த நர்ஸ் தடுத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் பலருக்கு டீ என்றால் சாயங்காலச் சாப்பாடு. அவர் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்திருக்கிறது. வினையைச் சரியாகப் பிடித்தும் பெயர்ச்சொல் காலை வாரிவிட்டதே என்று அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அங்கே குளிர் எப்படி என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஜூன் 14
ஸ்பீக்கிங் பயிற்சி. கார்டைப் படிக்க மூன்று நிமிடம், பேச ஐந்து. நோயாளியின் குடிப் பழக்கத்தைப் பற்றி மெதுவாகப் பேச்சை எடுக்க வேண்டும். நன்றாகவே வந்தது. குரலைத் தணித்து, முதலில் தூக்கம் எப்படி என்று விசாரித்து, அவரே சொல்லும்படி விட்டேன். மேம் பாராட்டினார். பி கிரேடுக்கு 350 வேண்டும். பிரிட்டன் நர்ஸிங் கவுன்சிலுக்கு ரைட்டிங்கில் மட்டும் 300 போதும். ஸ்பீக்கிங்கில் பயமில்லை.

முன்பின் தெரியாத ஆளிடம் ஆங்கிலத்தில் இவ்வளவு பக்குவமாகக் கேட்க முடிகிறது. அடுக்களையில் நிற்கிற அத்தையிடம் தமிழில் முடியவில்லை.

ஜூன் 17
சொல்லிவிட்டேன்.

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். கையை நிறுத்தவில்லை. "போயிட்டு வா. பிள்ளைய நாங்க வளத்துர மாட்டோமா?" என்றார்கள். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். நான் கேட்டதும் அதுதான். கொஞ்ச காலம், வீடு பிடித்து விசா எடுத்து இவளைக் கூட்டிப்போகும் வரை. அவர்கள் சொன்னது வேறு. பார்த்துக்கொண்டவர்களிடமிருந்து பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வளர்த்தவர்களிடம் எப்படிக் கேட்பது? அந்த ஆடியோவில் பாட்டி வளர்த்த பெண் பேசினாளே, அவளுடைய அம்மா எங்கே போயிருந்தாள்? அதைப் பற்றி ஒரு கேள்வியும் அதில் இல்லை.

அத்தை அன்பாகத்தான் சொன்னார்கள். அது எனக்குத் தெரியும்.

ஜூன் 18
பாப்பா இட்லி சாப்பிட்டாள். கூடத் தொட்டுக்கொள்ளச் சீனி கேட்டாள், கொடுத்தேன்.

ஜூன் 20
நாளை பரீட்சை. பாஸ்போர்ட் பையில் இருக்கிறது. படித்தது போதும், ஹெட்போனைத் தொடவில்லை.

பாப்பாவிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. அத்தை, நீயே சொல்லு, நான் சொன்னா சரிப்படாது என்கிறார்கள். சாயங்காலம் பின்னல் போட்டுவிடும்போது ஆரம்பித்தேன். அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகப் போறேன் என்றேன். "நைட் டியூட்டியா?" என்றாள். ஆமாம் என்று