சத்தி வருது என்றால் சக்தி இல்லை

1990இல் இலங்கையின் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகேறி இராமேஸ்வரம் வந்தோம். மண்டபத்தில் கொஞ்ச நாள் வைத்திருந்து பவானிசாகர் அகதி முகாமுக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. அணைக்கட்டைக் கண்டதும், "பாருங்கோ அம்மா, இஞ்சையும் கடல்" என்று கத்தினேனாம். "உப்பில்லாத தண்ணி என்ன கடல்" என்றாராம் அம்மா. அப்புறம் சத்தியமங்கலம் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறிக்கப் போய் என்னை வளர்த்தார்.

வந்த நாடு வேறானாலும் பேச்சு தமிழ்தானே, என்ன சிரமம் என்று கேட்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, 2022இல் அம்மாவின் மார்பில் ஒரு கட்டி தெரியும்வரை.

மூன்று மாதம் என்னிடம் மறைத்திருந்தார். தோட்டத்து ஆத்தாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ஆத்தாதான் என்னைக் கூப்பிட்டு, "அம்மிணி, உங்கம்மாளுக்கு நெஞ்சுல கட்டியாமா, கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். புளியம்பட்டி, அன்னூர் வழியாகப் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வழி முழுக்க அம்மா சொன்னது ஒன்றுதான்: "கத்தி பட்டா பரவும் பிள்ளை." இதை ஊரிலும் கேட்டிருக்கிறார், இங்கே பூக்கூடைகளுக்கு நடுவிலும் கேட்டிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் நல்ல ஒற்றுமை.

முதல் நாளே மொழி காலை வாரியது. "எனக்கு இந்த வருத்தம் மாறுமோ டொக்டர்?" என்று கேட்டார் அம்மா. எங்களுக்கு வருத்தம் என்றால் நோய், மாறுவது என்றால் குணமாவது. டாக்டர் அன்பாக, "வருத்தப்படாதீங்கம்மா, மனசைத் தைரியமா வெச்சுக்குங்க" என்றார். கேட்டதற்குப் பதில் வரவில்லை. சொல்ல விரும்பாமல் மழுப்புகிறார், அப்படியென்றால் மாறாது என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். அதை நான் கண்டுபிடிக்க இரண்டு நாளானது. அன்றிலிருந்து தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் வேலை.

கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் படுக்கையிலிருந்து இறங்கிவிட்டார். "ஒண்ணும் ஆகாதுங்கம்மா" என்று மூன்று பேர் சொன்னார்கள். ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களைப் படகில் ஏற்றினார்கள். அந்தச் சொல்லில் அம்மாவுக்கு நம்பிக்கை போய் எவ்வளவோ காலமாகிறது. ஆகவே என்னவெல்லாம் ஆகும் என்று கேட்டு வந்து வரிசையாகச் சொன்னேன். கத்தி இல்லை, நடுவில் துளையுள்ள ஊசி. முதலில் மரத்துப்போக ஒரு ஊசி, அது கொஞ்சம் எரியும். பிறகு ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சேமியாத் துண்டளவு சதை எடுப்பார்கள். எடுக்கும்போது அந்தக் கருவி 'டக்' என்று சத்தம் போடும்.

அம்மாவின் முகம் சத்தத்தில்தான் நின்றது. "வெடிச் சத்தம் மாதிரியோ?"

உள்ளே போனதும் அந்த டாக்டரம்மாவிடம் இதை மட்டும் சொன்னேன். அவர் கருவியைக் கையில் எடுத்து, அம்மா பார்க்க, வெறும் காற்றில் ஒருமுறை அழுத்திக் காட்டினார். டக். "இவ்வளவுதானுங்க." அம்மா இன்னொருமுறை அழுத்தச் சொன்னார். அழுத்தினார். அம்மா படுத்துக்கொண்டார்.

முகாம்காரர்களுக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு என்பதால் பணத்துக்கு அதிகம் அலையவில்லை. காகிதங்களுக்கு அலைந்தேன். அந்தக் கதை வேண்டாம்.

புற்றுநோய்தான் என்று தெரிந்தது. கீமோதெரபி மருந்துகள் 21 நாளுக்கு ஒருமுறை. அதில் ஒன்று செக்கச்செவேலென்று இருக்கும், டாக்ஸோரூபிசின். முதல் தவணை முடிந்த இரவு கழிப்பறையிலிருந்து அலறல். சிறுநீர் சிவப்பாகப் போகிறது, இரத்தம் என்று நினைத்துவிட்டார். வார்டுக்குப் போன் செய்தால், "அது மருந்தோட கலருங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார் சிஸ்டர். இதை முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த அலறல் இல்லை. நானும் கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். அடுத்து உடம்பில் என்ன மாறும், எது வந்தால் பேசாமல் இருக்கலாம், எது வந்தால் ஓட வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். காய்ச்சல் 100.4 தாண்டினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதைச் சிவப்பு மையில் எழுதினேன்.

இரண்டாம் தவணையில் சிஸ்டர் வந்து, "எப்படிங்கம்மா இருக்கு?" என்றார். "சத்தி வருது தங்கச்சி." "சக்தி வருதா? ரொம்ப நல்லதுங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எங்களுக்குச் சத்தி என்றால் வாந்தி. நான் டீ வாங்கித் திரும்புவதற்குள் போர்வை நாசம். அதற்கடுத்த முறை, வாந்தி மாத்திரையைக் குமட்டல் வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சிஸ்டரே எனக்குச் சொல்லித் தந்தார். சத்தி என்ற சொல்லையும் கற்றுக்கொண்டார்.

வாய்ப்புண் வந்து சம்பல், மீன்குழம்பு எதுவும் தொட முடியாமல் போனபோது, ஆத்தா தூக்குப்போசியில் அரிசிம்பருப்பு சாதம் குழைவாகக் கொடுத்து அனுப்பினார். முப்பது வருடமாக அம்மா அதை "சமைக்கப் பஞ்சிப்பட்டவன் கண்டுபிடிச்சது" என்று பழித்துக்கொண்டிருந்தவர். பஞ்சி என்றால் எங்களுக்குச் சோம்பல். அந்த மாதங்களில் அதைத்தான் சாப்பிட்டார்.

முடி கொட்டுவதற்கு மட்டும் ஏன் அவ்வளவு பயந்தார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அழகைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் இல்லை. ஆத்தா ஒருநாள் நேரில் வந்து தலைத்துண்டை எடுத்துக் காட்டினார். அவருக்கும் ஐந்தாறு வருடம் முன்பு இதே வைத்தியம் நடந்திருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. "நேரா இருந்த மசுரு சுருட்டையா மொளைச்சிருக்குது பாரு." அம்மா தொட்டுப் பார்த்தார், சிரித்தார், அப்படியும் தெளியவில்லை. இரவு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "முகாமில ஆக்களைக் கணக்கெடுக்க வருவினம். அகதி அட்டையில நீட்டுத் தலைமுடியோட படம். அந்தப் படத்தில இருக்கிறது நானில்லை எண்டு சொன்னா?"

2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அம்மாவுக்குள் அந்தப் பெயர்ப்பலகை மாறவில்லை.

முடி கொட்டியது. மருத்துவமனைக் கடிதத்தைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டுக் கொடுத்தேன். கணக்கெடுப்பு நாளில் அம்மா முக்காடில்லாமல் மொட்டைத் தலையோடு வரிசையில் நின்றார். ஒரு கையில் கடிதம், ஒரு கையில் அட்டை. சொல்ல வேண்டியதை மூன்று வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார், வருத்தம் என்று சொல்லாமல் 'நோய்' என்று.

முறை வந்தது. பெயரைக் கேட்டார்கள், பேரேட்டில் ஒரு கோடு போட்டார்கள், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையைப் பாயில் வீசினார். "அந்த ஆள் நிமிர்ந்தே பாக்கேல்லை பிள்ளை!"