நாற்பது ஆண்டுக்குப் பின் அதே நால்வர்

டச்சுக்குடாக் கடற்கரையில் கச்சான் வறுக்கும் ஐயாவின் கைத்தொலைபேசியில் இன்று மாலை சுவீடனின் நால்வர் இசைக்குழுவான 'அபா' பாடிக்கொண்டிருந்தது. பழைய பாட்டு அல்ல. ஏறக்குறைய நாற்பது ஆண்டு மௌனத்துக்குப் பின் 2021 செப்டெம்பரில் வந்த 'ஐ ஸ்டில் ஹேவ் ஃபெய்த் இன் யூ'.

பல்லவி வந்ததும், சூட்டு மணலைக் கிளறிய அகப்பை அப்படியே நின்றுவிட்டது.

"குரல் தடித்துவிட்டது தம்பி. ஆனால் பொய் இல்லை" என்றார்.

உண்மைதான். பாட்டைத் தொடங்கும் குழுவின் பாடகி பிரீடாவுக்கு அப்போது 75 வயது.

கூடவே வெளியான மற்றப் பாட்டு பிரித்தானியத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்தது. 1981க்குப் பிறகு அதுவே முதல் முறை. புகழின் உச்சியில் எட்டிப் பார்க்காத கிராமி இசை விருதுப் பரிந்துரையும் அடுத்து வந்தது.

இரண்டு தம்பதிகளாக இருந்து மணமுறிவு கண்டவர்கள் அந்த நால்வர். அவர்களே மீண்டும் ஒரே பாட்டுக்குள் வந்து நின்றார்கள். எனக்குத் தரவரிசையை விட இதுதான் பெரிது.

எங்கள் ஊர்த் திருவிழா மேடைகளில் விடிய விடிய வாசித்த இசைக்குழுக்களை நினைத்துக்கொண்டேன். போர் அவர்களைத் திசைக்கொருவராகத் தூக்கி எறிந்தது. கீபோர்ட் வாசித்தவர் கனடாவில், டிரம்ஸ் அடித்தவர் லண்டனில், பாடியவர் இங்கேயே.

அண்ணன்மாரே, யாராவது ஒருவர் முதலில் தொலைபேசியை எடுங்கள். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தால் இருக்கட்டும். கேட்க நாங்கள் இருக்கிறோம்.