முதலில் உளியைத் தீட்டு

நண்பர் ஒருவரின் 16 வயது மகள் மரவேலையைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்புகிறாள். "இவளுக்கு இதற்கான உடல்வலு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று அவளை என் பட்டறைக்கு அழைத்து வந்தார் அவர். அவளோ எதுவும் பேசாமல், மேசைமேல் கிடந்த இழைப்புளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டுமென்றே தகடு மழுங்கிய இழைப்புளி ஒன்றைக் கொடுத்து, ஒரு பலகையை இழைக்கச் சொன்னேன். முழு உடலையும் சாய்த்துத் தள்ளியும் அது திக்கித் திக்கி நின்றது, வந்ததெல்லாம் பொடிதான். பிறகு தகட்டைக் கழற்றி, 25 பாகையில் சாணை பிடித்திருந்த அதன் முனையை 1000 எண் தீட்டுகல்லில் 30 பாகைச் சாய்வில் வைத்துத் தீட்டக் கற்றுக்கொடுத்தேன். தகட்டின் பின்பக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை தீட்டி, அந்தப் பிசிறை அதைவிட நுண்ணிய 6000 எண் கல்லில் எடுத்தாள். அதே பலகை, அதே கைகள். இம்முறை சீவல் அறுபடாமல் சுருண்டு எழுந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்தபோது, பின்னாலிருந்த அவள் விரல் நிழலாகத் தெரிந்தது. நண்பரின் கேள்விக்கு நான் தனியாகப் பதில் சொல்லவில்லை.

எடை தூக்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: முழு பிளைவுட் பலகையை நானும் தனியாகத் தூக்குவதில்லை. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு நிற்கும் உயரத்தில் அவளுக்கென ஒரு மேசை இருந்தால், இழைப்பதில் பாதிச் சிரமம் குறையும். பிறர் உயரத்துக்குச் செய்த மேசையில் முதுகு வலித்தால், அதைத் தன் பலவீனம் என்று அவள் எண்ணிவிடக் கூடாது.

நான் கண்டிப்பு காட்டுவது வேறு இரண்டு விஷயங்களில். சுழலும் ரம்பத்தின் அருகே கையுறையும் தொங்கும் துணியும் அவிழ்ந்த கூந்தலும் கூடாது; கையுறை காக்கும் என்று தோன்றும், ஆனால் அது பற்களில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். அடுத்தது மரத்தூள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் முகக்கவசத்தை அவள் முதல் நாளிலிருந்தே அணிய வேண்டும். பெரிய முகத்துக்குச் செய்த கவசம் அவளுக்கு உதவாது.

மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றின் ஈரத்துக்கேற்ப அகலத்தில் விரிந்து சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய மாறாது என்பதை நான் ஒரு மேசையைப் பாழாக்கித்தான் கற்றேன். மேற்பலகையைச் சட்டத்தோடு நான்கு பக்கமும் பசை போட்டு இறுக்கியிருந்தேன். வறண்ட மாதங்கள் வந்ததும் அது நடுவில் பிளந்தது. பிளந்த அந்தப் பலகையை இன்னும் வைத்திருக்கிறேன். அதைக் காட்டியபோது, "அப்படியானால் திருகின் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீட்டிவிட்டால் பலகை நகருமே, மாமா?" என்று அவளே கேட்டாள். இந்தக் கேள்வியை நான் கேட்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

தொழில் என்று வரும்போது கதை கொஞ்சம் மாறுகிறது. ஒரு நாற்காலி செய்யும் இன்பம் வேறு, ஒரே இழுப்பறையை எட்டு முறை ஒரே அளவில் செய்து சொன்ன நாளில் கொடுப்பது வேறு. கடைசல், செதுக்கு வேலை, இசைக்கருவி, பழைய பொருள்களைச் செப்பனிடுதல், கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரம் எனக் கிளைகள் பல உள்ளதால் இப்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பள்ளிப் படிப்பை விட வேண்டியதுமில்லை. அமெரிக்காவின் மரச்சாமான் வடிவமைப்பாளர் மீரா நகாஷிமா கட்டடக்கலை படித்தவர். தந்தை ஜார்ஜ் நகாஷிமாவின் பட்டறையில் பணியாற்றி, 1990-இல் அவர் மறைந்த பின் அதன் பொறுப்பை ஏற்றார். வரையவும் விலை கணக்கிடவும் தெரியாத நல்ல தச்சர்கள் நட்டப்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

எனவே அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: துளையும் அதில் செருகும் முனையான கழுந்தும் பொருத்தி, ஒரே அளவில் இரண்டு முக்காலிகள் செய்ய வேண்டும், செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்தையும் நோட்டில் குறிக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "பத்து மணி நேரம்" என்றாள். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.